மோட்டார் ஒலி கேளாத வழி

பிறநாடு காணப் புறப்படுவோர் பெரும்பாலும் மாட மாளிகைகளையும் கூட கோபுரங்களையும் நாடியே செல்கின்றனர். ஜேர்மனிக்குச் செல்லும் நம்மவரும் கொலோன் நகரப் பேராலயத்தையும் பேர்லினின் பிராண்டன்பேர்க் வாயிலையும் கண்டு, படமும் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவர். அந்நாட்டின் வடகிழக்கே மெக்லன்பேர்க் என்னும் பகுதியில், காடும் ஏரியும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் நிலப்பரப்பொன்று உண்டு. அங்கு சென்று மீண்டவரிடம் என்ன கண்டீர் என்று வினவினால், முதலில் அவர் கூறுவது தாம் கேட்ட அமைதியைப் பற்றியதாகவே இருக்கும். மோட்டார் வண்டியின் ஒலி சிறிதும் கலவாத அமைதி அது. அதனை நுகர்தற்கேற்ற ஊர்தி துவிச்சக்கர வண்டியே.

பேர்லினிலிருந்து வடக்கே ஏறக்குறைய 2 மணி நேரப் புகையிரதப் பயணத்தில் வாரன் என்னும் சிறு பட்டினம் வருகின்றது. புகையிரதத்தில் துவிச்சக்கர வண்டிகளுக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கின்றனர். வண்டிக்கும் ஒரு சீட்டு வாங்கிவிட்டால் அதனையும் உடன் கொண்டு செல்லலாம். இல்லாதார் வாரனிலே வாடகைக்குப் பெற்றுக்கொள்ளலாம். நாம் ஆவணி விடுமுறையொன்றில், அந்நாட்டிற் குடியேறி வாழும் உறவினர் ஒருவருடன் சென்றிருந்தோம். அவர் வீட்டார் கட்டித் தந்த புட்டும் சம்பலும் கரியரில் இருந்தன. அப்பகுதியிலே புகையூட்டிய ஏரிமீன் பெயர்பெற்ற உணவு. சைவ உணவினர் கட்டுச்சோறு கொண்டு செல்வதே உத்தமம்.

வாரன் பட்டினம் மியூரிட்ஸ் என்னும் ஏரியின் வடகரையில் அமைந்துள்ளது. 110 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடைய இவ்வேரி, முற்றிலும் ஜேர்மன் எல்லைக்குள் அடங்கிய ஏரிகளுள் மிகப் பெரியது. பண்டு அங்கு வாழ்ந்த சிலாவிய மக்கள் தம் மொழியில் இதனைச் 'சிறு கடல்' என்று அழைத்தனராம். அச்சொல்லே திரிந்து இன்றைய பெயராயிற்று. பொலன்னறுவையிலே பராக்கிரமபாகு மன்னன் தன் குளத்துக்குச் சமுத்திரம் எனப் பெயரிட்ட செய்தி நமக்கு நினைவு வருகின்றது. பெரிய நீர்ப்பரப்பைக் கண்ட மனிதன் எந்நாட்டிலும் கடலையே எண்ணுகின்றான் போலும். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் குளங்கள் மனிதன் மண் சுமந்து கட்டியவை. அவ்வேரிகளோ கடைசிப் பனியூழியின்போது வடக்கிலிருந்து இறங்கிய பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற பள்ளங்கள்.

ஏரியின் கிழக்குக் கரையிலிருந்து விரிந்து செல்வது மியூரிட்ஸ் தேசிய வனம். 322 சதுர கிலோமீற்றர் பரப்பு. அதிற் பெரும்பகுதி காடு. அக்காட்டினுள்ளே நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள். வாரனை விட்டுப் புறப்பட்டு, வெடரோ, ஸ்பெக், பேக் என்னும் சிற்றூர்களை இணைக்கும் வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் ஏரிக்கும் காட்டுக்கும் இடையே மாறிமாறிச் செல்லலாம். வனத்தினுள் பெரும்பாலான வழிகளில் வெளியார் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. வண்டியில் வருவோர் வனத்தின் ஓரத்திலே அதனை நிறுத்திவிட்டுக் காலால் நடக்கலாம், துவிச்சக்கர வண்டியை மிதிக்கலாம், அல்லது வனத்தூடே ஓடும் பஸ் வண்டியில் ஏறலாம். அந்தப் பஸ் வண்டியும் துவிச்சக்கர வண்டிகளை ஏற்றிச் செல்லும். ஆதலின் களைத்துப்போன முதியோரும் சிறுவரும் பாதி வழியிலே திகைத்து நிற்கவேண்டுவதில்லை. வனத்தினுள் நுழைவதற்குக் கட்டணமும் இல்லை.

நிலம் பெரும்பாலும் சமதரையாகையால் மூச்சு வாங்க மிதிக்கும் தொல்லை குறைவு. சில இடங்களில் மணல் ஆழமாகக் கிடக்கும். அங்கே வண்டியை உருட்டிக்கொண்டே போகவேண்டும். பைன் மரச் சருகின்மேல் சில்லு உருளும்போது எழும் மெல்லொலியும், சங்கிலியின் கிறுகிறுப்பும், எங்கோ மரங்கொத்தி தட்டும் ஓசையுமே செவியில் விழுவன. இரண்டு வண்டிகள் அருகருகே செல்ல, செல்பவர் குரலை உயர்த்தாமல் உரையாடலாம். பெருந்தெருவிலே நாம் இழந்துவிட்ட இன்பங்களுள் இதுவும் ஒன்றென்று அப்பொழுதுதான் உணரமுடிகின்றது. ஒன்று மட்டும் சொல்லிவைக்கவேண்டும்: புல்லிலும் புதரிலும் உண்ணிகள் உண்டு, அவற்றாற் பரவும் நோய்களும் உண்டு. மாலையில் கால்களை நன்கு பார்த்துக்கொள்வது அவசியம்.

வெடரோ என்னும் ஊரிலே ஒரு காட்சி வைத்திருக்கிறார்கள். விராலடிப்பான் என நாம் அழைக்கும் மீன்பிடிப் பறவை அப்பகுதியில் மின்கம்பக் கோபுரங்களின் உச்சியிலே கூடு கட்டுகின்றது. அத்தகைய கூடொன்றிற் படக்கருவியைப் பொருத்தி, குஞ்சுக்குத் தாய் இரையூட்டுவதைத் திரையில் யாவரும் காணச் செய்துள்ளனர். பறவைக்கு இடையூறில்லை, பார்ப்போருக்கும் குறையில்லை. வெண்வாற் கடற்கழுகும் ஏரிகளின்மேல் வட்டமிடும். இலையுதிர் காலத்திற் சென்றால், தெற்கே பறக்குமுன் ஆயிரக்கணக்கான பெருங்கொக்குகள் ஏரியோரத்தில் இரவு தங்க வருவதையும் காணலாம். ஸ்பெக் ஊருக்கு அண்மையிலுள்ள குன்றின்மேல் 55 மீற்றர் உயரமான கோபுரமொன்று நிற்கின்றது. அதன் பார்வைத்தளத்தில் ஏறி நோக்கினால் நாற்றிசையும் காடு. காட்டினிடையே கண்ணாடித் துண்டுகளைச் சிதறினாற் போன்று ஏரிகள்.

இவ்வமைதி தானாக வந்ததென்று எண்ணுதல் தவறு. கிழக்கு ஜேர்மனி என்னும் நாடு நிலவிய காலத்தில் இக்காட்டின் பெரும்பகுதி பொதுமக்கள் புகமுடியாத இடமாயிருந்தது. அந்நாட்டின் அமைச்சரவைத் தலைவராக நெடுங்காலம் விளங்கிய வில்லி ஸ்டோப் என்பவர் வேட்டையாடும் காடு இது. மற்றுமொரு பகுதி சோவியத் படையினரின் பயிற்சிக்களம். தம் ஊரின் ஏரிக்கரையிலே தாமே நடக்கமுடியாதிருந்தனர் அவ்வூர் மக்கள்.

1989ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேர்லின் மதில் திறந்தது. தடைகள் நீங்கியதும் நிலத்தின்மேல் ஆசைகொண்டோர் பலர் எழுவர் என்பது வெளிப்படை. அப்பொழுது சுற்றாடல் துறைப் பிரதி அமைச்சராயிருந்த மிக்கேல் சுக்கோ என்னும் தாவரவியல் அறிஞரும் அவருடைய துணைவரும், வேலிக்குள் அழியாது எஞ்சிய நிலங்களைச் சட்டத்தினாற் காப்பதற்கு விரைந்து முயன்றனர். 1990 செப்டெம்பர் 12ஆந் திகதி, அந்த அமைச்சரவை தன் இறுதிக் கூட்டத்திலே 5 தேசிய வனங்கள் உட்பட 14 காப்பிடங்களை நிறுவும் ஆணைகளை நிறைவேற்றியது. அவை ஒக்டோபர் 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தன. ஒக்டோபர் 3ஆந் திகதி அந்நாடே இல்லாதொழிந்து மேற்கு ஜேர்மனியுடன் ஒன்றாயிற்று. மறையப்போகும் ஓர் அரசு, தான் மறைவதற்கு இரு தினங்கள் முன்னதாகத் தன் மக்களுக்கு விட்டுச்சென்ற முதுசம் மியூரிட்ஸ் வனம். வனத்தின் கிழக்குப் பகுதியாகிய செரான் என்னுமிடத்துப் புராதன பீச் மரக்காடு 2011ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. அதுவும் முன்னொரு காலத்தில் அப்பகுதிப் பெருங்கோமகனின் வேட்டைக்காடாயிருந்தமையினாலேயே கோடரிக்குத் தப்பியது.

1990ஆம் ஆண்டு என்றதும் நம் நெஞ்சம் யாழ்ப்பாணத்துக்குத் தாவுகின்றது. அவ்வாண்டு ஆனி மாதத்திலே இங்கு போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி வருவது நின்றது. 2014 ஒக்டோபரிலேதான் அது மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. குடாநாட்டுக்கு எரிபொருள் வரத் தடை விழுந்தது. அன்று நம் வீதிகளையும் துவிச்சக்கர வண்டியே ஆண்டது. நெல்மூட்டையும் விறகுக்கட்டும் அதிலேயே சென்றன. நோயாளியும் அதிலேயே வைத்தியசாலைக்குச் சென்றார். வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். கிளாலிக் கடலைப் படகிற் கடந்தோர் பலர் தம் வண்டியையும் உடன் ஏற்றினர். நாம் அப்பொழுது பள்ளிச் சிறுவர். வீதியிலே மோட்டார் ஒலி அரிதாயிருந்தது உண்மையே. ஆயினும் விமானத்தின் ஒலிக்காக நம் செவிகள் வானை நோக்கியே இருந்தன. அதை அமைதி என்று எவரும் சொல்லார்.

ஆகவே மோட்டார் ஒலி அற்ற வழி இருவகைப்படும். இல்லாமையால் வருவது ஒன்று. வேண்டுமென்று விரும்பி வகுப்பது மற்றொன்று. முன்னையது எரிபொருள் வந்தவுடன் மறைந்துபோகும். நம்மிடம் வந்து மறைந்தது அதுவே. இன்று காலைப்பொழுதில் நம் மாணவ மாணவியர் பார ஊர்திகளும் மோட்டார் சைக்கிள்களும் பாயும் வீதியின் விளிம்பிலே அஞ்சியஞ்சி வண்டி மிதிப்பதை நாள்தோறும் காண்கின்றோம். பெற்றோர் வாசலிலே நின்று வழி பார்த்திருக்கின்றனர்.

வன்னியில் யானை உலாவும் அடர்காட்டினுள்ளே வழி வகுக்கவேண்டுமென்று நாம் கூறவில்லை. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலான குளங்களின் கட்டுகள் இருக்கின்றன. ஒரு புறம் நீரும் மறு புறம் வயலும் மரமுமாய் நீண்டு செல்லும் அக்கட்டுகளைவிடச் சிறந்த துவிச்சக்கர வண்டிப் பாதை வேறெங்குளது? நம் மண்ணிலும் மக்கள் புகமுடியாத வேலிகள் பல இருந்தன. சில அகன்றன, யாவும் இன்னும் அகன்றபாடில்லை. அகலும் வேலிகளுக்கு அப்பால் எத்தகைய வழி அமையவேண்டுமென்பதை வேலி இருக்கும்போதே எண்ணிவைப்பது நன்று. மெக்லன்பேர்க்கிலே காலம் தாழ்த்தியிருந்தால் கரை முழுவதும் தனியார் மனைகளாய்ப் போயிருக்கவும் கூடும்.

குளக்கட்டின் இரு முனையிலும் ஒரு தடைக்கம்பம், நிழலுக்குச் சில மருதமரம், வண்டி வாடகைக்கு விடும் ஒரு சிறு கொட்டில்: இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பிரதேச சபைகளும் நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும் ஒருங்கிருந்து இதனைச் சிந்திப்பாராக. அதுவரை, அடுத்த விடுமுறையிலே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதிகாலையில் அண்மையிலுள்ள ஒரு குளக்கட்டுக்கு வண்டியிற் சென்று பாருங்கள். வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம்.