வாடகை சைக்கிளில் அழகர்மலை

ஆடிக்காற்றில் மதுரைக்கு வந்து இறங்கினவர்களுக்குத் தெரியும், வைகை மணல் பல்லில் கடிபடுகிற நறநறப்பு. 1983இல் தகரப்பெட்டியும் சுருட்டிய ஜமுக்காளமுமாக ஏ.வி. பாலத்தில் நடந்துபோனபோது எனக்கு முதலில் கிடைத்த மதுரை ருசி அதுதான். பெட்டியின் ஒரு பக்கம் என் கையில், மறுபக்கம் அப்பா கையில். பாலத்து நடுவில் இறக்கிவைத்துவிட்டு அப்பா கீழே எட்டிப் பார்த்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. வெளுத்துக் காயப்போட்ட வேட்டிகள்தான் ஈரக்காற்றில் அலையடித்துக்கொண்டு கிடந்தன. "இதுக்குப் போயி இம்புட்டுப் பெரிய பாலமாக்கும்" என்றார். எங்கள் ஊர் விளாத்திகுளத்துக்குக் கிழக்கே, கரிசலும் உவர்மண்ணும் கைகோத்துக்கொள்கிற இடம். அங்கே பாலமும் கிடையாது, ஆறும் மழைக்கு மட்டும்தான்.

நீங்களும் அந்த வடகரையில் ஏதாவது ஒரு கல்லூரியில் படித்தவராக இருந்தால் நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். என் கல்லூரிப் பெயர் எதற்கு, எல்லா விடுதிகளும் ஒரே மாதிரிதான் இருந்தன. நீள வராந்தா. மூன்று பேருக்கு ஓர் அறை. ஜன்னல் கம்பியில் துண்டு, துண்டுக்குப் பக்கத்தில் பனியன், பனியனுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஊர் அடங்கினால் ரயில் என்ஜின் பெட்டி மாற்றுகிற சத்தம் ஆற்றைத் தாண்டி வந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்ளும். முதல் வாரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எந்த ரயில் கோவில்பட்டிப் பக்கம் போகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

நான் மாட்டிக்கொண்டது ஒரு சொல்லில். சீனியர் ஒருவரைப் பார்த்து, ஊர்ப் பழக்கத்தில், "அண்ணாச்சி" என்று விட்டேன். மதுரையில் எல்லாரும் "அண்ணே". அறை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து மூன்று வருஷமும் நான்தான் அண்ணாச்சி. என்னைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "அண்ணாச்சின்னா கடை வச்சிருக்கணுமே, உங்கப்பாவுக்கு என்ன கடை?" என்று கேட்டார்கள். "மளிகை" என்றேன். நாக்கு தானாகச் சொல்லிற்று.

அப்பா உப்பு விற்கிறவர். வைப்பாற்று அளங்களில் மூட்டை பிடித்து, சைக்கிள் கேரியரில் ஒன்றும் பாருக்குள் ஒன்றுமாகப் போட்டுக்கொண்டு, கரிசல் ஊர்களுக்குள் போவார். "உப்போ... உப்பேய்" என்று ஊர் எல்லையிலேயே இழுத்து ஆரம்பிக்கிற குரல் கடைசித் தெருவரைக்கும் போகும். காசு உள்ளவர்கள் காசு கொடுப்பார்கள். மற்றவர்கள் கம்பு, சோளம், மிளகாய் வற்றல் என்று எது இருக்கிறதோ அதைக் கொட்டுவார்கள். சாயங்காலம் திரும்பும்போது அப்பாவின் முழங்கால் வரை வெள்ளை பூத்திருக்கும். சின்ன வயதில் அதை நக்கிப் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் அதை எப்படிச் சொல்வது?

உப்பு என்னை விடவில்லை என்பதுதான் வேடிக்கை. நான் எடுத்தது வேதியியல். செய்முறை வகுப்பில் ஆளுக்கொரு பொட்டலம் வெள்ளைத்தூளைக் கொடுத்து, "இது என்ன சால்ட், கண்டுபிடி" என்பார்கள். கிப்ஸ் உபகரணத்தைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம் சட்டையில் ஏறிக்கொண்டு சாப்பாட்டு மேஜை வரைக்கும் கூடவே வரும். சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டதும் சோதனைக்குழாயில் தயிர் திரிந்தாற்போல வெள்ளையாக இறங்கும், குளோரைடு. பக்கத்தில் நின்றவன் "அண்ணாச்சி, உங்க கடை உப்பாடா?" என்பான். அவன் மளிகைக்கடையைச் சொல்கிறான் என்று தெரிந்தும் எனக்குக் காது சிவக்கும். மெஸ்ஸில் சாம்பாருக்கு உப்புப் போதாது. தட்டைத் தட்டிக்கொண்டு அறுபது பேர் "உப்பு! உப்பு!" என்று கத்துவார்கள். யாரோ என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் போல நான் குனிந்துகொள்வேன்.

ஐப்பசி மழைக்கு அப்புறம் ஊர் மெல்ல மெல்லப் பிடிபட்டது. புதுமண்டபத்தில் பழைய புத்தகம் வாங்கப் போனதிலிருந்து என்று சொல்லலாம். கல்தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் கடகடக்க, தூண்சிலையின் முழங்காலில் ஜாக்கெட் துணி தொங்கும். அந்தப் பக்கம் புத்தகக் கடைகள். நான் வாங்கின கனிமவேதியியல் புத்தகத்தில் முன்னால் வைத்திருந்தவர் பென்சிலால் எழுதியிருந்தார்: "இது வராது". அது பரீட்சைக்கு வந்தது. இப்போது மண்டபத்தைக் காலிசெய்து, கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சிலைகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிஷின் சத்தமில்லாத புதுமண்டபம் எனக்குப் பழக்கமில்லாத இடம்.

சனிக்கிழமைகளில் ரீகல். ரயில் நிலையத்துக்கு எதிரே, விக்டோரியா எட்வர்டு மன்றத்துக்குள் பொழுது சாய்ந்தால் இங்கிலீஷ் படம் ஓடும். பகலில் பத்திரிகை படித்த இடத்தில் ராத்திரி குதிரை ஓடும். வசனம் ஒன்றும் விளங்காது. முன்வரிசையில் யாராவது சிரித்தால் நாமும் சிரித்துக்கொள்ள வேண்டியது. தங்கம் தியேட்டருக்குப் போனால் வேறு மாதிரி. 2,500 பேருக்கு மேல் உட்காருகிற கூடம், 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தது. நாங்கள் போன காலத்தில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும், பேசினால் எதிரொலிக்கும். அந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை நிற்கிறது. மனைவிக்குப் புடவை எடுக்கப் போய், திரை எந்தச் சுவரில் இருந்தது என்று தேடிக்கொண்டு நின்று, திட்டு வாங்கினேன்.

இதற்கெல்லாம் நடுவில்தான் அந்த அண்ணன் வந்தார். வரலாறு எம்.ஏ. கடைசி வருஷம். விடுதியில் அவருக்குப் பெயர் 'கல்வெட்டு'. மெலிந்த ஆள், முழுக்கைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு முகச்சவரக் கண்ணாடி. அழகு பார்க்க என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம். ஒருநாள் வராந்தாவில் கரித்துண்டால் என்னவோ வரைந்துகொண்டிருந்தவர், பக்கத்தில் போய் நின்ற என்னை ஏறிட்டுப் பார்த்து, "அண்ணாச்சி, சைக்கிள் மிதிப்பியா?" என்றார். சைக்கிள் எங்கள் குலத்தொழில் என்று சொல்ல வாய் வந்தது. "மிதிப்பேண்ணே" என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

கோரிப்பாளையத்தில் ஒரு பாய் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் நம்பர், ஸ்லேட்டில் சாக்கட்டியால் எடுத்த நேரம். எனக்கு விழுந்தது 14. அதற்குப் பெல்லைத் தவிர எல்லாம் சத்தம் போடும். முதல்நாள் ராத்திரியே எடுத்துவைத்துக்கொண்டு விடியக்காலம் நாலரைக்குக் கிளம்பினோம். மார்கழிப் பனி. புதூர் தாண்டுகிறபோது ஒரு டீக்கடையில் அப்போதுதான் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி. சித்திரையில் அழகர் வருகிற வழியில் நாங்கள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தோம். அண்ணன் மிதித்தபடியே பேசுவார். இந்த மலைக்குகைகளில் வெட்டியிருக்கிற பழைய எழுத்தைக் கனகாலம் யாருக்கும் வாசிக்க வரவில்லை என்றும், 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் அதிலிருப்பது தமிழ் என்று எடுத்துச் சொன்னார் என்றும், ஐராவதம் மகாதேவன் என்கிற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒரு மலை விடாமல் ஏறிப் படித்திருக்கிறார் என்றும் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வயிறு பசித்தது.

கிடாரிப்பட்டிப் பக்கம் சைக்கிள்களை ஒரு வீட்டு வேலியில் சாத்திவிட்டு மேலே ஏறினோம். பஞ்சபாண்டவர் படுக்கை என்றால்தான் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது. ஆட்டுப்புழுக்கை வாசம், மஞ்சம்புல், சட்டென்று பாறை. குகைக்குள் நுழைந்ததும் வேர்வை அடங்கிவிட்டது. சமணத் துறவிகளுக்காகக் கல்லிலேயே செதுக்கின படுக்கைகள், தலைமாட்டில் ஒரு மேடு. கையால் தடவினால் மாவாட்டிய ஆட்டுக்கல் போல வழுவழுப்பு. நெற்றிப் பாறையில், மழைத்தண்ணீர் உள்ளே வடியாதபடி வெட்டின காடியை ஒட்டி, ஏதோ கீறல்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அவசரப்படாத. சாய்வெயில் வரணும்" என்றார். உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றோம். சாக்கட்டி தேய்த்து எழுத்தைப் படிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அன்று அந்தக் கண்ணாடி எதற்கு என்று தெரிந்தது. குகை வாயில் வெயிலில் போய் நின்று, கண்ணாடியைச் சாய்த்து, வெளிச்சத்தைப் பாறையின் மேல் பக்கவாட்டில் வழித்துவிட்டார். ஒரு கணம்தான். ஒவ்வொரு கீறலும் தன் நிழலைத் தானே போட்டுக்கொண்டு எழுந்தது.

"மொத எழுத்தைப் பாரு. கொத்தனார் மூலைமட்டம் மாதிரி இருக்கா? உ. அடுத்து தூண்டில் முள்ளு மாதிரி, அடியில சின்னக் கோடு இழுத்திருக்கா? பு."

"உபு."

"அதான். அப்பல்லாம் ரெட்டிச்சு எழுதறது கம்மி. உப்பு. உப்பு வணிகன். இவங்கள்லாம் யாவாரிங்க. இந்தப் படுக்கைய வெட்டக் காசு குடுத்தவங்க. அந்தா, அவன் மதுரைப் பொன்கொல்லன். இவன் கொழு விக்கிறவன், ஏர்க்கொழு. இதெல்லாம் ரெண்டாயிரம் வருசத்துக்கு..."

அதற்கப்புறம் அவர் சொன்னது காதில் ஏறவில்லை. கண்ணாடி வெளிச்சம் நடுங்கிக்கொண்டிருந்தது, அவர் கை வலித்திருக்கும். நான் மூலைமட்டத்தையும் தூண்டில் முள்ளையும் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு, "எங்கப்பா உப்பு விக்கிறவருண்ணே" என்றேன். மளிகைக்கடையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அப்படியா? அப்ப நீ வந்து கண்ணாடியப் பிடி, நான் நோட்டுல எழுதிக்கிறேன்" என்றார்.

அந்த வருஷம் எத்தனை மலை என்று எண்ணவில்லை. மாங்குளம், கீழக்குயில்குடி, கொங்கர்புளியங்குளம், அரிட்டாபட்டி. 14ஆம் நம்பர் சைக்கிள் என் சொந்த சைக்கிள் மாதிரி ஆகிப்போனது. இன்னொருவன் எடுத்துப் போனதைப் பார்த்தால் கோபம் வரும். சித்திரையில் தல்லாகுளத்தில் எதிர்சேவைக் கூட்டத்தில் தோல்பையிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீரில் நனைந்துகொண்டே, இந்த அழகரின் மலையில் எனக்குத் தெரிந்த ஓர் ஆள் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கனிமவேதியியலில் மட்டும் தேறவில்லை. அது செப்டம்பரில்.

அண்ணன் தொல்லியலுக்குப் போவார் என்று நினைத்தோம். வங்கித் தேர்வு எழுதி வடக்கே போனார். இரண்டு கடிதம் வந்தது, இரண்டிலும் அங்கே மலையே இல்லை என்று எழுதியிருந்தார். பாய் கடை இருந்த இடத்தைச் சாலை விழுங்கிவிட்டது. போன தடவை கிடாரிப்பட்டிக்குக் காரில் போனேன். ஏறும்போது மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. காடிக்குக் கீழே யாரோ இரண்டு பேர் தங்கள் காதலைப் பெயிண்டால் எழுதியிருக்கிறார்கள். கீழவளவுப் பக்கம் குன்றுகளை அல்வாத் துண்டு போல வெட்டி எடுத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு, பெயிண்ட் பெரிதாகத் தெரியவில்லை. என்னிடம் கண்ணாடி இல்லை. கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். அது நேராக அடித்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிட்டது. கீறல்கள் கீறல்களாகவே இருந்தன.

எங்கள் ஊர்ப்பக்கம் இப்போது உப்பு விற்கிற குரல் இல்லை. பாக்கெட் வந்தபிறகு, அப்பா கொஞ்ச காலம் கோழிப்பண்ணைக்கும் தோல் பதப்படுத்துகிறவர்களுக்கும் மூட்டை அடித்துவிட்டு, சைக்கிளைத் தாழ்வாரத்தில் ஏற்றிக் கட்டிவிட்டார். இன்றைக்கு அவரும் இல்லை.

அந்த முதல் வருஷம் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அவர் திண்ணையில் கோணூசியால் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். சாக்கின் மேலேயே கரியால் அந்த இரண்டு எழுத்தையும் போட்டுக்காட்டி விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"எந்த ஊர்க்காரனாம்?"

"அது போடலப்பா."

எழுத்து விளங்கட்டுமே என்று அடியில் இன்றைய தமிழில் 'உபு' என்று எழுதினேன். மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவர், எழுத்துக்கூட்டி வாசித்தார். ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்திவிட்டு இன்னொரு தடவை வாசித்தார்.

"ஒரு 'ப்' குறையுதே" என்றார். "படியிலயும் குறைச்சுத்தான் அளந்திருப்பான்."