பத்துப் பேர் கூடும் ஆலயம்



தலைநகர் டெல்லியில் வாழும் நம்மவர்களில் பலர் கான் மார்க்கெட் பகுதியைப் பலமுறை கடந்து சென்றிருப்பீர்கள். அதற்கு அருகே ஹுமாயூன் சாலையில் அடக்கமான ஒரு கட்டிடம் நிற்கிறது. அதுவே 1956-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஜூதா ஹயாம் ஜெப ஆலயம். ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலையில் யூத மக்கள் அங்கே கூடி எபிரெய மொழியில் ஜெபிக்கிறார்கள். இத்தனை சிறிய சபை தன் எதிர்காலத்திற்காக என்ன ஆயத்தம் செய்தது என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

டெல்லியில் நிலையாகக் குடியிருக்கும் யூதக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. அவர்களும் ஒரே ஊரார் அல்லர். சிலர் பெனே இஸ்ரவேலர். கொங்கண் கரையில் மராத்தி பேசி வாழ்ந்தவர்கள். செக்கு ஆட்டி எண்ணெய் எடுப்பது அவர்களுடைய முன்னோரின் தொழில். சனிக்கிழமைதோறும் செக்கை நிறுத்திவிடுவதால், 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று அயலார் அவர்களை அழைத்தனர். வேறு சிலர், ஈராக் முதலிய நாடுகளிலிருந்து வணிகத்திற்காக வந்து கொல்கத்தாவிலும் மும்பையிலும் தங்கிய பாக்தாதி யூதர்களின் வழிவந்தவர்கள். இவர்களோடு தூதரகங்களில் பணிபுரிவோரும், மாணவரும், சுற்றுலாப் பயணிகளும் வந்து சேருகிறார்கள். பிறந்த ஊரும் தாய்மொழியும் வேறு. ஜெப முறையிலும் வேறுபாடு உண்டு.

யூதருக்கு ஒரு முறைமை உண்டு. பொது ஆராதனை முழுமையாக நடைபெறப் பத்துப் பேர் வேண்டும். இதனை 'மின்யான்' என்பர். எண்ணாகமம் 14-ஆம் அதிகாரத்தில், கானானை வேவுபார்த்துத் துர்ச்செய்தி கொண்டுவந்த பதின்மரும் ஒரு சபையாகக் குறிப்பிடப்படுகின்றனர் என்று ரபீமார் கண்டு, பத்துப் பேர் சேர்ந்தால் சபை என்று வகுத்தனர். பத்துப் பேர் இல்லையெனில் நியாயப்பிரமாணச் சுருளைச் சபையில் முறைப்படி வாசிக்க இயலாது. தகப்பனை இழந்த மகன் துக்க காலத்தில் சொல்லவேண்டிய 'கதீஷ்' என்னும் ஜெபத்தையும் சொல்ல இயலாது. அந்த மகனுடைய நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! ஒன்பது பேர் வந்து, பத்தாவது ஆள் வராவிட்டால், அவன் அந்த ஜெபத்தைச் சொல்லாமலே வீடு திரும்ப வேண்டும்.

பழைமை வழுவாத யூத சபைகளில் பத்து ஆண்கள் வேண்டும். பெண்கள் தனியே அமருவர். டெல்லி சபையோ பெண்களையும் அந்தப் பத்தில் சேர்த்து எண்ணத் துணிந்தது. ஆண்களும் பெண்களும் சேர்ந்தே அமர்ந்தனர். வருகிறவர் பழைமைப் பிரிவினரா, சீர்திருத்தப் பிரிவினரா என்று வாசலில் விசாரிக்கவில்லை. இதை ஏற்காத யூதரும் உண்டு. ஆயினும் ஆள் குறைந்த ஊரில் ஆராதனை நின்றுபோகக் கூடாது என்பதே அச்சபையின் தீர்மானமாயிருந்தது. ஊதியம் பெறும் ரபீ அங்கே இல்லை. வழக்கறிஞரான எசேக்கியேல் ஐசக் மாலேகர் பல ஆண்டுகள் சம்பளமின்றிச் செயலாளராயிருந்து, ஆராதனையையும் அடக்கத்தையும் தாமே நடத்தி வந்தார்.

ஆலய வளாகத்தில் யூதரின் கல்லறைத் தோட்டமும் உண்டு. 1971-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைவதற்கான பேச்சுவார்த்தையை நடத்திய தளபதி ஜே. எஃப். ஆர். ஜேக்கப், கொல்கத்தாவின் பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் 2016 ஜனவரியில் காலமானபோது இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்.

இனி, கொச்சிக்கு வாருங்கள். அங்கே மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தைக் காணப் பயணிகள் திரண்டு வருகிறார்கள். ஆனால் அந்த ஆலயத்தில், அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கப்பட்டோரின் சந்ததியார் சம உரிமையின்றி ஒதுக்கப்பட்டிருந்தனர். அவ்வகுப்பில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம், காந்தியடிகளின் வழியில் அறப்போராட்டம் நடத்தினார். 'யூத காந்தி' என்று மக்கள் அவரை அழைத்தனர். தடைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. ஆனால் 1948-ல் இஸ்ரவேல் தேசம் உருவானபின், கொச்சி யூதரில் பெரும்பாலோர் தாமாகவே அங்கே குடியேறிவிட்டனர். கதவு முற்றிலும் திறந்தபோது, உள்ளே அமர ஆட்கள் மிகுதியாயில்லை. பரதேசி யூதரில் மூத்தவரான சாரா கோஹன் அம்மையார் 2019-ல் தமது 96-ஆம் வயதில் காலமானார்.

கொல்கத்தாவிலோ 1856-ல் எழுந்த பெத் எல், 1884-ல் எழுந்த மாகேன் டேவிட் ஆகிய இரு ஆலயங்களும் 2017-ல் அழகுறப் புதுப்பிக்கப்பட்டன. இஸ்லாமியக் குடும்பத்தார் சிலர் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வந்திருக்கிறார்கள். இது போற்றத்தக்கது. எனினும் அங்கே பத்துப் பேர் கூடுவது அரிதாகிவிட்டது. கட்டிடத்தைப் பிறரும் காக்கக்கூடும். சபையாய்க் கூடிவர வேண்டியவர்களோ சபையாரே.

வாசகர்களே, பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு இது அந்நியமான செய்தியா? வாடகை மண்டபத்தில் கூடும் நம்முடைய சிறு சபைகளிலும் நாகர்கோவிலார் உண்டு, வேலூரார் உண்டு, மலையாளம் பேசும் மருமகளும் உண்டு. பிள்ளைகளோ இந்தியில் பேசுகிறார்கள். இடமாற்றல் வந்தால் ஒரே மாதத்தில் நான்கு குடும்பங்கள் போய்விடும். ஆகவே சபைக் குழு கூடும்போது இவற்றையும் பேசுங்கள்: போதகருக்குப் பின் ஜெபத்தை நடத்தப் பழகியவர் யார்? நிலப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? மரித்தோரை அடக்கம் செய்ய இடம் உண்டா? தமிழ் வாசிக்க அறியாத வாலிபனுக்கு நம் நடுவே என்ன பங்கு? ஆட்கள் இருக்கும்போதே இவற்றைத் தீர்மானிப்பது எளிது.

டெல்லிக்கு வரும்போது ஹுமாயூன் சாலைக்கும் போய்வாருங்கள். முன்னதாக அனுமதி கேளுங்கள்; அடையாளச் சான்றை எடுத்துச் செல்லுங்கள். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். கைப்பிரதிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, விருந்தினராகச் சென்று பின்வரிசையில் அமருங்கள். நீங்கள் அந்தப் பத்தில் ஒருவராக எண்ணப்பட மாட்டீர்கள். ஆனாலும் பத்தாவது ஆள் உள்ளே நுழையும்போது, மற்ற ஒன்பது பேருடைய முகத்தையும் கவனித்துப் பாருங்கள்.