காஞ்சியிலிருந்து காப்பி மலைக்கு

காஞ்சிபுரத்துக்கு வருகிற யாத்திரிகர்களைப் பற்றி அந்த ஊர்க்காரர்களுக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. காலையில் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். காமாட்சி, ஏகாம்பரர், வரதர் என்று மூன்று சந்நிதிகளுக்கும் மூச்சு வாங்க ஓடுவார்கள். கடையில் ஒரு பட்டுப் புடவை வாங்கிக்கொண்டு மாலை பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். பிள்ளையார்பாளையத்துத் தெருவில் நின்று, ஒரு நிமிஷமாவது தறியின் ஓசையைக் கேட்பவர்கள் எத்தனை பேர்? புடவையின் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை வேலைக்கு இரண்டு பேர் எப்படி ஒரே மனசாய்க் கை கொடுக்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

நியாயமான மனத்தாங்கல்தான். ஆனால் அதே காஞ்சிக்காரர் நாலு நாள் லீவு கிடைத்து ஏற்காட்டுக்குப் புறப்பட்டால் என்ன செய்கிறார்? விடியற்காலை காரை எடுத்து, பெரிய நெடுஞ்சாலையில் பறந்து, பகல் சாப்பாட்டுக்கு மலைமேல் நிற்கிறார்! ஏரியில் ஒரு படகு சவாரி, நாலு போட்டோ, கால் கிலோ காப்பித்தூள். மறுநாள் திரும்பிவிடுகிறார். "காப்பிச் செடி எப்படி இருந்தது?" என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறார்.

அப்படியில்லாமல், ஆற அமர ஐந்து நாளில் போய்வர ஒரு வழி இருக்கிறது. அந்த வழிக்கும் காஞ்சிக்கும் ஒரு பழைய உறவும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் காலம் பார்க்க வேண்டும். பழம் சிவந்திருப்பதைக் காண விரும்பினால் கார்த்திகையிலிருந்து தைக்குள் போகலாம். பூவைக் காண வேண்டுமானால் பங்குனி, சித்திரையில் கோடை மழை ஒன்று பெய்த பிறகு போக வேண்டும். மல்லிகை போல வெள்ளைப் பூ. வாசனையும் கிட்டத்தட்ட அதுவே. ஆனால் சில நாளில் உதிர்ந்துவிடும். திருவண்ணாமலையில் தங்கப் போகிறோமாகையால் பௌர்ணமியையும் தீபத் திருநாளையும் தவிர்ப்பது நலம். அந்த நாட்களில் அங்கே கால் வைக்க இடமிராது.

கட்டுச்சாதத்துக்குக் கவலை வேண்டாம். மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து மூங்கில் கூடையில் வேகவைத்த கோவில் இட்லி இருக்கவே இருக்கிறது. வழிப் பிரயாணத்துக்கென்றே பிறந்த பலகாரம் அது!

முதல் நாள் பாலாற்றைக் கடந்து செய்யாறு. ஆண்பனை பெண்பனையான கதையுள்ள திருவோத்தூர் கோவில் அங்கேதான் இருக்கிறது. அடுத்தது ஆரணி, பட்டு நெசவில் காஞ்சிக்குத் தங்கை முறை. போளூர் தாண்டியதும் வலப்புறம் ஜவ்வாது மலை கூடவே வரும். இரவு திருவண்ணாமலை.

இரண்டாம் நாள் செங்கம் வழியாகப் பிரயாணம். குழந்தைகள் இருந்தால், 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணைக்கு ஒரு நடை போய்வரலாம். பிறகு ஊத்தங்கரை, அரூர். பக்கத்தில் தீர்த்தமலை. இரவு அரூரில் தங்கிவிடுங்கள்.

மூன்றாம் நாள்தான் முக்கியம். அரூரிலிருந்து சேலம் போகும் சாலை மஞ்சவாடிக் கணவாய் வழியாக இறங்குகிறது. சேலத்துக்குப் போய் மலையேறுவதுதான் எல்லாரும் செய்வது. நாம் அதற்கு முன்பே குப்பனூரில் திரும்பி, கொட்டச்சேடு வழியாக ஏறுவோம். சாலை குறுகல், வெளிச்சத்திலேயே ஏறி முடிக்க வேண்டும். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது விதி. ஆனாலும் எதிரே வருகிறவருக்கு அது தெரியும் என்று நம்பி ஓட்டக்கூடாது!

வெயில் தாளாத முட்புதர்கள் மெல்ல மறையும். காற்று குளிரும். வெள்ளியோக் மரங்கள் வரிசையாக நிற்க, அவற்றின்மேல் மிளகுக் கொடி படர்ந்திருக்க, அடியில் நிழலில் ஆளுயரத்துக்குப் பளபளவென்று பச்சைச் செடி. அதுதான் காப்பி! 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் அதைப் பயிராக்கினார். நட்ட செடி காய்க்க மூன்று நாலு வருஷம் ஆகிறது. பழுத்ததை மட்டும் கையால் பறித்து, தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவி, களத்தில் காயவைக்கிறார்கள். ஒரு கிலோ கொட்டைக்கு ஏறக்குறைய ஆறு கிலோ பழம் வேண்டும். புடவையைப் போலத்தான், அவசரப்படுத்தினால் கெட்டுப்போகும் சரக்கு.

இந்தப் பழத்தைப் பறிக்கும் கைகள் யாருடையவை? இந்த மலையின் பூர்வ குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்பவர்கள் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். இவர்களிடையே வழங்கும் கர்ண பரம்பரைக் கதை ஒன்றை எட்கர் தர்ஸ்டன் 1909-ல் அச்சிட்ட தம் நூலில் எழுதி வைத்தார். கரிராமன் என்ற தெய்வம் காஞ்சிபுரத்தில் இருக்கப் பிடிக்காமல் புறப்பட்டுவிட்டதாம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவர் குடும்பத்தோடு அதன் பின்னாலேயே நடந்தார்கள். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் நாம் கடந்துவந்த மஞ்சவாடிக்கும் போனார்கள் என்கிறது கதை. சரித்திரமா என்று வாதாட வேண்டாம். காஞ்சியைத் தாய்வீடாக நினைக்கும் ஒரு ஜனங்கள் இந்த மலைமேல் இருக்கிறார்கள், அது போதாதா?

வெளியார் தோட்டங்கள் பரவப் பரவ, தினையும் சாமையும் விளைத்த அவர்கள் நிலம் சுருங்கிற்று. இன்று பலர் பிறர் தோட்டத்தில் கூலிக்குப் பறிக்கிறார்கள். சிலர் தங்கள் துண்டு நிலத்தில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் ஓடுகிற காரிலிருந்து பார்க்க முடியாது.

ஆகவே நான்காம் நாள் காரைத் தொடாதீர்கள். அனுமதி கேட்டு ஒரு தோட்டத்துக்குள் நடந்து பாருங்கள். சேர்வராயன் கோவிலும் இருக்கிறது. குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் குடிகொண்டிருக்கிறார்கள். மே மாதத்தில் திருவிழா. மலை ஜனங்கள் திரளாகக் கூடுவார்கள். ஐந்தாம் நாள் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நிதானமாகச் சேலத்துக்கு இறங்கி, வேண்டுமானால் நெடுஞ்சாலையிலேயே வீடு திரும்பலாம்.

காப்பி வாங்கும்போது, பயிரிட்டவரிடமே கொட்டையாக வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள். கிராமத்தில் யாராவது, "எந்த ஊரு?" என்று விசாரித்தால், "காஞ்சிபுரம்" என்று சொல்லிவிட்டுச் சற்று உட்காருங்கள். அதற்குப் பிறகு பேச்சுக்குப் பஞ்சமிராது.