கான்டெஸாவும் இடுப்பு வலியும்

1/ வாக்ஸ்ஹால் விக்டரை வச்சு 1984ல வந்த கான்டெஸாதாங்க நம்மூர் மசில் கார். பின்பக்கம் தாழ்ந்து காந்திபுரத்துல நின்னா கெத்துதான். அதுக்காக ஸ்பிரிங்ல ஒரு சுத்தை வெட்டிட்டு, இடுப்பு வலின்னு எங்ககிட்ட வராதீங்க.

2/ சுத்து குறைஞ்சா ஸ்பிரிங் விறைக்கும், அமுங்குற தூரமும் குறையும். பொள்ளாச்சி ரோட்டு வேகத்தடையில ஆக்சில் மேலே போய் இடிக்கும். அந்த அடி நேரா முதுகெலும்பு டிஸ்க்குக்கு.

3/ ஸ்பிரிங் போனா பட்டறையில மாத்திக்கலாம். தேய்ஞ்ச டிஸ்க் திரும்ப வளராது.

4/ இறக்கியே ஆகணுமா? வெட்டாம, அளவா செஞ்ச குட்டை ஸ்பிரிங், அதுக்கேத்த ஷாக் அப்சார்பர் போடுங்க. முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுக்கங்க.

5/ இடுப்பு வலியோட கால் பலம் குறைஞ்சாலோ, உட்கார்ற இடம் மரத்தாலோ, சிறுநீர் அடைச்சாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நாளைக்குப் பார்க்கலாம்னு விட்டுடாதீங்க.