திரையில் தொலைந்த நிழல்

விரும்பிப் படித்த நாவல் திரைப்படமாக வெளிவரும்போது வாசகர் ஆவலோடு அரங்கிற்குச் செல்வர். ஏமாற்றத்தோடு திரும்புவோரும் உண்டு. மந்திரமும் மாயமும் நிறைந்த கதைகளில் இவ்வேமாற்றம் இன்னும் மிகுதி. பேயையும் நிழலையும் எழுத்தில் படிக்கும்போது ஒவ்வொருவரும் தம் மனத்துள் தனித்தனியே ஓர் உருவத்தை வரைந்துகொள்கின்றனர். திரையோ அனைவருக்கும் ஒரே உருவத்தைக் காட்டுகிறது. எனினும், நாவலை எழுதியவரே தம் கதையைத் திரையில் அடையாளம் காண முடியாமல் வருந்துவது அரிது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினுக்கு அத்தகைய அனுபவம் இருமுறை நேர்ந்தது.

லெ குவின் 1929ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்கிலி நகரில் பிறந்தார். அவர் தந்தை ஆல்ஃபிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியல் அறிஞர். தாய் தியடோரா குரோபர், அமெரிக்கப் பழங்குடியினர் ஒருவரின் வாழ்க்கையை நூலாக எழுதியவர். பலவகை மக்களின் மொழியும் வழக்கமும் பேசப்பட்ட வீட்டில் வளர்ந்த லெ குவின், 1968இல் ‘எர்த்சீயின் மந்திரவாதி’ என்னும் நாவலை வெளியிட்டார். அதனைத் தொடர்ந்து அவ்வுலகைப் பற்றி மேலும் பல நூல்களை எழுதினார்.

எர்த்சீ என்பது எண்ணற்ற தீவுகளைக் கொண்ட கற்பனை உலகம். அங்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று ஊரார் அழைக்கும் பெயர், மற்றொன்று மெய்ப்பெயர். ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவர் அதனை ஆளமுடியும். ஆகையால், மெய்ப்பெயரை உயிருக்கு நிகரான நண்பரிடம் மட்டுமே கூறுவர். கதைத் தலைவனை ஊரார் ‘வல்லூறு’ எனப் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். அவன் மெய்ப்பெயர் கெட். பதின்மூன்றாம் வயதில் அப்பெயரை அவனுக்குச் சூட்டுபவர் ஆசான் ஓகியன்.

மந்திரப் பள்ளியில் பயிலும் கெட், சக மாணவனிடம் தன் ஆற்றலைக் காட்டும் செருக்கில், இறந்தோர் உலகிலிருந்து ஓர் ஆவியை அழைக்கிறான். அப்போது திறந்த வழியே ஒரு கொடிய நிழலும் வெளிப்பட்டு அவனைத் தாக்குகிறது. அவனைக் காப்பாற்றிய தலைமை மந்திரவாதி உயிர் துறக்கிறார். நிழலுக்கு அஞ்சி ஓடிய கெட், இறுதியில் ஓகியனின் அறிவுரைப்படி திரும்பி நின்று, அதனைக் கடலின் எல்லை வரை துரத்துகிறான். இருவரும் நேருக்குநேர் நிற்கும்போது நிழலுக்கு அவன் இடும் பெயர், ‘கெட்’ என்னும் தன் பெயரே. வெளியிலிருந்து வந்த பகையாகத் தோன்றியது தன்னுள் இருந்த ஒன்றே என்று ஏற்றுக்கொண்டபோது அவன் முழுமனிதன் ஆகிறான்.

இக்கதையில் இன்னொரு சிறப்பும் உண்டு. கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் நண்பன் வெட்ச் கருநிறத்தவன். வெள்ளை நிறத்து வீரர்களே மந்திரக் கதைகளில் நிறைந்திருந்த காலத்தில் லெ குவின் இதனைத் திட்டமிட்டே செய்தார். வாசகர் கெட்டை நெருங்கி அறிந்த பின்னரே அவன் நிறம் தெரியவருமாறு எழுதினார். இவ்வகைக் கதைகளில் தங்களுக்கும் இடமுண்டு என்று உணரச்செய்தவை எர்த்சீ நூல்களே என வெள்ளையரல்லாத வாசகர் சிலர் அவரிடம் தெரிவித்தனர்.

2004ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று இக்கதையை இரு பகுதிகளாகப் படமாக்கி ஒளிபரப்பியது. கெட்டாக வெள்ளை இன நடிகர் ஒருவர் நடித்தார். ஓகியனாக நடித்த டானி குளோவர் போன்ற ஓரிருவரைத் தவிர, முதன்மை மாந்தர் பெரும்பாலும் வெள்ளையராயினர். பெயர்களும் இடம் மாறின: ‘வல்லூறு’ மெய்ப்பெயராகவும், ‘கெட்’ ஊரார் அழைக்கும் பெயராகவும் ஆயின. பெயரையே அச்சாகக் கொண்டு சுழலும் கதையில் இது சிறு பிழையன்று. படத்தின் உருவாக்கத்தில் தம் கருத்துக்கு மதிப்பளிக்கப்படவில்லை என்றும், நிறமாற்றம் தம் நூலின் பொருளையே அழித்தது என்றும் லெ குவின் வெளிப்படையாக எழுதினார்.

இரண்டு ஆண்டுகளுக்குப்பின், ஜப்பானின் ஜிப்லி நிறுவனம் எர்த்சீ கதைகளைத் தழுவி அசைவூட்டப் படம் ஒன்றை வெளியிட்டது. புகழ்பெற்ற இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் மகன் கோரோ மியாசாகி அதனை இயக்கினார். காட்சிகளின் அழகை லெ குவின் பாராட்டினார். எனினும், தீமை முழுவதையும் ஒரு கொடிய மந்திரவாதியின்மீது சுமத்தி, அவனை அழித்தால் எல்லாம் சீராகும் என்று காட்டியது அவருக்கு உடன்பாடாக இல்லை. அது நல்ல படமே, ஆனால் தம் நூல் அன்று என்பதை இயக்குநரிடமே கனிவோடு கூறினார்.

நாவலைப் படமாக்குவோர் நிகழ்ச்சிகளைச் சுருக்கலாம். இடங்களையும் மாந்தரையும் குறைக்கலாம். பல மணிநேரம் படிக்கும் கதையை இரண்டு மணிநேரத்தில் காட்ட வேறு வழியில்லை. மனத்துள் நிகழும் போரைக் கண்ணுக்குக் காட்டுவதும் எளிதன்று. ஆயினும், கதை எதன்மேல் நிற்கிறதோ அதனை அகற்றிவிட்டால் எஞ்சுவது தலைப்பு மட்டுமே. கெட்டின் நிறமும் பெயரும் நிழலும் மாற்றத்தக்க அணிகலன்கள் அல்ல, அவையே கெட்.

லெ குவின் 2018ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தார். முதல் நாவலின் ஐம்பதாம் ஆண்டான அதே ஆண்டில், எர்த்சீ கதைகள் அனைத்தும் ஓவியங்களோடு ஒரே நூலாக வெளிவந்தன. அதன் ஓவியர் சார்லஸ் வெஸ், நூலாசிரியரோடு நெடுங்காலம் கலந்து பேசியே அவற்றை வரைந்திருந்தார். வரைவதற்குமுன் அவர் எழுதியவரைக் கேட்டார்.

பயிற்சி

1. எர்த்சீ உலகில் மெய்ப்பெயரை ஏன் எல்லாரிடமும் கூறுவதில்லை?
2. நிழலுக்குக் கெட் தன் பெயரையே இட்டதன் பொருள் யாது?
3. இரு திரைப்படங்களிலும் லெ குவினுக்கு ஏற்பட்ட ஏமாற்றங்களை ஒப்பிட்டு எழுதுக.
4. வீட்டில் உங்களை அழைக்கும் பெயரும் பள்ளியில் அழைக்கும் பெயரும் ஒன்றா? அவற்றுள் உங்களுக்கு நெருக்கமானது எது? ஏன்? ஐந்து வரிகளில் எழுதுக.