மருந்தின் அளவு

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, எல்லையை அளந்தது சங்கிலியன்று, பீரங்கி. கோட்டையிலிருந்து பல திசைகளிலும் சுட்டு, குண்டு எட்டிய தொலைவிலிருந்த ஊர்களையெல்லாம் கம்பெனி தனதாக்கிக்கொண்டது. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கலாயிற்று. மருந்தைக் கூட்டிக் கெட்டித்தால் இன்னும் நாலு ஊர் கிடைக்குமே என்ற ஆசை பிறக்க இதைவிட வாய்ப்பான இடம் உண்டா?

அவ்வாசையைக் கணக்கால் ஆராய்ந்தவர் இதே கோட்டையில் மறைந்தார் என்பது பலர் அறியாத செய்தி. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள் பற்றி 1742-இல் ஒரு நூல் வெளியிட்டார். கனத்த ஊசலொன்றின்மீது சுட்டு, அது விலகும் அளவைக்கொண்டு குண்டின் வேகத்தைக் கணித்தவர் அவர். எரியும் மருந்தின் வாயு, காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 1000 மடங்கு அழுத்துவதாக மதிப்பிட்டார்; பின்வந்தோர் அதனை மேலும் உயர்த்தினர். மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை என்பது அவர் துணிபு. கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க வந்தவர், 1751 ஜூலை 29 அன்று காய்ச்சலால் இறந்தார்.

சிதம்பரத்து நண்பர் ஒருவர், பாட்டனார் வழிவந்த உரிமமுள்ள ரிவால்வரில் வீரியம் மிகுந்த தோட்டாக்களைப் போடலாமா என்று நம்மிடம் வினவியபோது ராபின்ஸே நினைவுக்கு வந்தார். நண்பரின் அச்சம் பொய்யன்று. வயல்களுக்கு நடுவே தனித்த வீடு. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரு குண்டு போதாமற் போனால் என்னாவது என்பது அவர் கவலை.

9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தர வரையறை, சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு அழுத்தம். ‘ப்ளஸ் பி’ எனப்படும் மிகையழுத்த வகைக்கு 38,500. அழுத்தம் பத்து விழுக்காடு கூடினாலும் வேகம் அவ்வளவு கூடுவதில்லை. உதைப்பு கூடுகிறது, அடுத்த குறி தவறுகிறது. ஐரோப்பியச் சோதனைக் கூடங்களில் கைத்துப்பாக்கியை 30 விழுக்காடு மிகுந்த அழுத்தத்தில் சுட்டுப் பார்த்த பின்பே முத்திரையிடுவர். பிறகென்ன அச்சம் என்று கேட்கலாம். அந்த மிகுதி அன்றாடச் செலவுக்கானதன்று. எதிர்பாராப் பிழைகளுக்கான ஒதுக்கீடு. குண்டு தன் உறைக்குள் சற்றே அமிழ்ந்திருந்தாலும், தோட்டா வெயிலில் சூடேறினாலும் அழுத்தம் எகிறும். மிகையழுத்தத் தோட்டாவோ அவ்வொதுக்கீட்டில் ஒரு பங்கை முன்னரே தின்றுவிடுகிறது.

பழைய ரிவால்வரிலோ ஒதுக்கீடே ஐயத்துக்குரியது. கரிமருந்துக் காலத்து எஃகு, புகையில்லா மருந்தின் வேகத்துக்கென வார்க்கப்பட்டதன்று. தோட்டா அறைக்குள் நுழைகிறது என்பதாலேயே அறை அதனைத் தாங்கும் என்று கொள்ளலாகாது. உருளையின் சுவர் மெல்லியது. அது பிளந்தால் முதலில் புண்படுவது திருடனன்று, பிடித்த கை.

இவற்றையெல்லாம் கூறி, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டும்வரை எதையும் சுட வேண்டாம், காட்டிய பின்னும் அதற்குரிய தோட்டாவே போதும் என்றோம். நண்பர் மறுமொழி கூறவில்லை. சில வாரங்கள் கழித்து, கொல்லைக் கதவுக்குக் கனத்த இரும்புத் தாழ் போட்டுவிட்டதாக எழுதியிருந்தார்.