அயல் என்றொரு சொல்

குறிஞ்சிப்பிட்டியில் பெண்கள் குழுக் கூட்டம் முடிந்த ஒரு மாலை. தாயொருவர் தன் மகளின் ஆங்கிலப் பாடப்புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "மிஸ், இந்த 'நெய்பர்' என்பதற்கு என்ன கருத்து?"

"அயலவர்" என்றேன்.

அவர் சிரித்தார். "அப்ப அது எங்களுக்கு இல்லை மிஸ். வந்து எத்தனை வருசம்! இன்னும் எங்கட வளவுக்கு 'அகதி வளவு' என்றுதான் பேர்."

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியாகவே கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தனர். அவரும் ஏழு வயதில் தாயின் கையைப் பிடித்தபடி வந்தவர்தான்.

அன்றிரவு அந்தச் சொல்லின் வேரைத் தேடினேன். பழைய ஆங்கிலத்தில் அது இரு சொற்கள் சேர்ந்த ஒன்று. முதற்பாதி 'கிட்ட', மறுபாதி 'குடியிருப்பவர்'. எந்த ஊரார், எப்போது வந்தவர் என்ற கேள்வி அதில் இல்லை. கிட்ட இருந்தால் போதும். இன்னொன்றும் தெரிந்தது. கிட்ட என்பதற்கு அன்று 'நை' என்றார்கள். இன்று நாம் படிக்கும் 'நியர்' அப்போது 'இன்னும் கிட்ட' என்றும், 'நெக்ஸ்ட்' 'மிகவும் கிட்ட' என்றும் பொருள்பட்டன. கிட்ட இருப்பதிலும் இத்தனை படிகள்!

நம் தமிழிலோ 'அயல்' என்ற ஒரே சொல் இரு பக்கமும் பார்க்கிறது. அயல் வீடு என்றால் பக்கத்து வீடு. அயல் நாடு என்றால் அந்நிய நாடு. வேலிக்கு அப்பால் இருப்பவர் பக்கத்தவரா, அந்நியரா என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை, நாம்தான் தீர்மானிக்கிறோம். பல்கலைக்கழகத்தில் நான் படித்த சமூகவியல் பாடங்களை விட இது எனக்குத் தெளிவாக விளங்கியது.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, இவ்வூரிலேயே பிறந்த ஒரு சகோதரி மெதுவாகச் சொன்னார்:

"நீங்க வந்திறங்கின அன்று எங்கட உம்மா பெரிய பானையில சோறாக்கினா. பிறகு தண்ணி, காணி, கூலி வேலை என்று வந்தபோது நாங்க தள்ளி நின்றோம். 'அகதி வளவு' என்று இப்ப என்ட பிள்ளையும் சொல்லுது. நான் சொல்லித்தான் அதுக்குத் தெரியும்."

அந்தத் தாய் பதில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கூட்டம் முடிந்து இருவரும் ஒரே பாதையில் நடந்து போனதைப் பார்த்தேன்.

சகோதரிகளே, உங்கள் பக்கத்து வளவை நீங்கள் என்ன பெயரால் அழைக்கிறீர்கள்? உங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.